இருபத்தாறு கையெழுத்து

என் இடுப்பு போன பிறகுதான் இடுப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று மற்ற நர்ஸுகளுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு வந்தது. பதினாறு வருஷம் வார்டில் ஆள் தூக்கினேன். ஒரு நாள் குளியலறையில் ஒருவரை நிமிர்த்தினேன், அவர் நிமிர்ந்தார், நான் நிமிரவில்லை. மூன்று மாதம் படுக்கை, அப்புறம் பெல்ட், அப்புறம் இந்த உத்தியோகம். ‘நோயாளிகளைப் பாதுகாப்பாகத் தூக்கும் முறை, பயிற்சியாளர்’ என்று கழுத்தில் ஒரு அட்டை. யாரும் அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவதில்லை. முட்டி டீச்சர் என்பார்கள். முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே என்று வாய் ஓயாமல் சொன்னதற்குக் கிடைத்த பட்டம்.

வகுப்பு நடப்பது பழைய எக்ஸ்ரே அறையில். அங்கே ஒரு கட்டில், ஒரு பொம்மை. பொம்மையின் எடை பன்னிரண்டு கிலோ. அதைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பொம்மைக்கு மயக்கம் வராது, வேட்டி அவிழாது, விழப் போகிறோம் என்ற பயத்தில் நம் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது. இதை நான் மேலே சொல்லாமல் இல்லை. “பொம்மைய வெச்சுப் படிச்சுட்டுப் போய் மனுஷனத் தூக்க முடியாது மேடம்” என்று மேட்ரனிடம் சொன்னேன். “அப்ப மனுஷன எங்கம்மா வாங்கறது?” என்றார்.

நிஜமாகவே ஆளைத் தூக்கும் எந்திரம் ஒன்றும் எங்களிடம் உண்டு. நீளக் கழுத்தோடு ஒற்றைக் காலில் நிற்பதுபோல் இருப்பதால் கொக்கு என்போம். ரிப்பன் வெட்டித்தான் அதை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொக்கின் கழுத்தில் துணித் தூளியை மாட்டி, அதில் நோயாளியை உட்கார வைத்து, ஒரு விரலால் பொத்தானை அழுத்தினால் போதும். தூளி ஒன்றே ஒன்றுதான் வாங்கினார்கள். ஒருவருக்குப் பயன்படுத்தினால் துவைக்கப் போட வேண்டும், துவைக்கப் போனால் வர மூன்று நாள். வாரத்தில் பாதி நாள் கொக்கு சும்மா நின்று எங்களை வேடிக்கை பார்க்கும்.

வருகைத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது.

ஆண்கள் எலும்பு வார்டுக்கு மொத்தம் இருபத்தாறு நர்ஸுகள். வகுப்பன்று இருபத்தாறு பேரும் வந்தால் வார்டை யார் பார்ப்பது? ஏழு பேர் வருவார்கள், சில சமயம் ஐந்து. ஆனால் தரச்சான்று கொடுக்கிறவர்கள் வந்து கேட்டால் நூறு சதவீதம் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். “ஆள் வராட்டிப் பரவால்ல, தாள் நிறைஞ்சிருக்கணும்” என்பார் மேட்ரன். வார்டிலிருந்தும் சொல்லி அனுப்புவார்கள்: “டீச்சர், என்னுதையும் போட்டுருங்க.” போட்டேன். முதலில் பயந்து பயந்து போட்டேன், பிறகு பழகிவிட்டது. யார் கடைசி எழுத்தைச் சுழிப்பார்கள், யார் கீழே கோடிழுப்பார்கள், எல்லாம் அத்துப்படி. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இருபத்தாறில் ஒருத்தி என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. எங்களுக்குக் கீழ்வீடு, அவர்களுக்கு மாடி. இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரியில் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு, அவள் அதை ஒரு நாளும் மதித்ததில்லை. வார்டே டீச்சர் என்று கூப்பிடும்போது அவள் மட்டும் காரிடாரின் அந்தக் கோடியிலிருந்து “அக்கா” என்பாள். எனக்குத் தங்கை கிடையாது. சொந்தத் தங்கை இருந்திருந்தால் இவ்வளவு ஒட்டுதலாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

போன தடவை வகுப்பு நடந்த காலையில் அவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராததால் இரண்டு ட்யூட்டியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் விழுந்து கிடந்தாள். எழுப்பலாம் என்று மாடிக்குப் போனவள், அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள். மீதி பத்தொன்பது கையெழுத்தையும் நானே போட்டேன். அவளுடையதைக் கொஞ்சம் அக்கறையாகவே போட்டேன். அதை அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே அன்று தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு மதியம் ஒன்றேகால் மணிக்கு அது நடந்தது.

பதினேழாம் படுக்கைக்காரருக்கு இடுப்பு எலும்பு மாற்றி ஐந்தாம் நாள். நூற்றுப் பத்து கிலோ ஆள். கூட இருந்த நர்ஸ் இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஆயாவை மருந்து வாங்க அனுப்பியிருந்தார்கள். முப்பத்து நான்கு பேருக்கு என் ஓரகத்தி ஒருத்தி. பதினேழாம் படுக்கைக்காரர் கழிவறைக்குப் போக வேண்டும் என்று மூன்று தடவை மணி அடித்தார். தூளி துவைக்கப் போயிருந்தது. “ரெண்டு நிமிஷம் பொறுங்க ஐயா, ஆள் வந்துரும்” என்றாள். அவரால் பொறுக்க முடியவில்லை. யார்தான் பொறுப்பார்கள்? தானே காலைக் கீழே வைத்து எழுந்தார், சறுக்கினார். அவள் ஓடிப்போய் முன்பக்கமாகத் தாங்கினாள். அவர் இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

முதுகுக்குள் சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாள். அப்போதும் விடவில்லை. அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைத் தூக்கி மேலே போட்டு, தலையணையைச் சரிபண்ணிவிட்டுத்தான் தரையில் சரிந்தாள். இடது கால் மரத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காலில் பாதி உயிர்தான் திரும்பி வந்தது.

அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய மகன் நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தான், அதை வார்டுப் பலகையில் குத்தி வைத்தார்கள். நோயாளி விழாமல் தடுக்கப்பட்டார் என்று வார்டுக்குப் பாராட்டு வந்தது. அதே வாரம் அவளுக்கு ஒரு படிவமும் வந்தது. காயத்துக்கான காரணம் என்று எட்டுக் கட்டங்கள்: கவனக்குறைவு, அவசரம், பொருந்தாத காலணி, தவறான முறை, இப்படி. எட்டையும் நானும் அவளும் நாலு தடவை படித்தோம். ஆள் இல்லை என்று சொல்ல ஒரு கட்டம் கிடையாது. அவள் எதிலும் குறி போடாமல் ஓரத்தில் பேனாவால், “உதவிக்கு ஆள் இல்லை, தூளி இல்லை” என்று எழுதினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. ‘தாங்கள் முறையான பயிற்சி பெற்றிருந்தும் அதைப் பின்பற்றாதது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ பின்னால் ஒரு நகல் இணைத்திருந்தார்கள். வருகைத் தாள். அவள் பெயருக்கு நேரே அவள் கையெழுத்து.

அன்று சாயங்காலம் நான் மாடிக்குப் போனேன். அவளால் உட்கார முடியாது. சுவரில் சாய்ந்து நின்றபடி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாலு வயசு மகள் காலைச் சுற்றி வந்து “தூக்கும்மா, தூக்கும்மா” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தக் கிளாஸுக்கு நான் வந்தேனா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. நான்தான் போட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முகத்தில் சந்தேகம்கூட இல்லை, குழப்பம் மட்டும்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பத்தொன்பது கையெழுத்து, கள்ளக் கையெழுத்து, போலீஸ் என்றெல்லாம் மனசு ஓடியது. என் இடுப்புக்கு வேறு எந்த வேலை கிடைக்கும் என்றும் ஓடியது.

“வந்தியே. பின்னாடி உக்காந்து தூங்கி வழிஞ்சிட்டிருந்த.”

“தூங்கிட்டேனா?” என்றாள். “அதான் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அந்த மாசம் பூரா டபுள் ட்யூட்டி. எந்த நாளு எங்க இருந்தேன்னே தெரியலக்கா.”

நம்பிவிட்டாள். ஒரு மனுஷி தன் ஞாபகத்தைவிட என் வாயை நம்புகிற அளவுக்கு ஆஸ்பத்திரி அவளைப் பிழிந்து வைத்திருந்தது, அந்தப் பிழிசலில் நானும் கை வைத்தேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

அதோடு நிறுத்தினேனா? விளக்கக் கடிதத்தையும் நானே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். “பணிஞ்சு எழுதிரு. கிளாஸுக்கு வந்தேன், அவசரத்துல முறை மறந்துபோச்சு, மன்னிக்கணும்னு போடு. ஆளத் தூக்க வேண்டாத வேலையா மாத்திக் குடுத்துருவாங்க. எனக்குக் குடுத்தாங்கல்ல?” என்றேன். நின்றுகொண்டே, ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்லா வந்திருக்காக்கா?” என்று காட்டினாள்.

நல்லாத்தான் வந்தது. ‘தாங்களே ஒப்புக்கொண்டபடி இது சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்டது. பணியிடக் காயமாகக் கருத இயலாது’ என்று பதில் வந்தது. வேலை மாற்றம் கிடையாது. பணியில் தொடரலாமா கூடாதா என்று விசாரணை, இன்ன தேதி, இன்ன மணி. பயிற்சியாளர் சாட்சியாக வர வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “சொல்லிட்டா உன் வேலையும் போயிரும். சொல்லாட்டி என் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?” என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். அவருக்கும் வழி தெரியவில்லை. நான் முடிவு பண்ணிவிட்டேன். என் வேலை போனால் போகட்டும். அவள் பயிற்சியே எடுக்கவில்லை என்று தெரிந்தால் குற்றம் ஆஸ்பத்திரி பக்கம் திரும்பும், அவளைச் சும்மா விடுவார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். அவளிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே போய் அவளைக் காப்பாற்றிவிட்டு, வெளியே வந்து ஒரேயடியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோழைக்கு அப்படித்தான் யோசனை வரும்.

விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று பேர். மேட்ரன், பாதுகாப்பு அதிகாரி, பணியாளர் பிரிவு அதிகாரி. அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உக்காருங்கம்மா, மரியாதைக்காக நிக்க வேணாம்” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

என் முறை வந்ததும் சொல்லிவிட்டேன். “அந்தக் கையெழுத்து அவளுது இல்ல சார். நான் போட்டது. அன்னைக்கு ஏழு பேர்தான் வந்தாங்க. மீதி பத்தொன்பதும் நான் போட்டதுதான். மேடத்துக்கும் தெரியும்.”

மேட்ரன் தன் பேனா மூடியைத் திருகித் திறந்தார், திருகி மூடினார். “எனக்கு எப்படித் தெரியும்? தாள் நிறைஞ்சு வந்தா, ஆளும் நிறைஞ்சு வந்தாங்கன்னுதானே நினைப்பேன்.”

பின்னால் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆக, இவங்க பயிற்சி எடுக்கல” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“எடுக்கல சார்.”

“பயிற்சி எடுக்காதவங்க நோயாளியத் தூக்கக் கூடாதுன்னு விதி இருக்கே. அப்புறம் எதுக்குத் தூக்கினாங்க?”

பயிற்சி எடுத்திருந்தால் முறையை மீறிய குற்றம். எடுக்காவிட்டால் விதியை மீறிய குற்றம். எப்படிப் புரட்டிப் போட்டாலும் முதுகு அவளுடையது, தப்பும் அவளுடையது. “தூக்காட்டி அவர் விழுந்திருப்பார் சார். தூளி லாண்டரில இருந்துச்சு. ஒரே ஆளு, முப்பத்து நாலு பேஷண்ட்” என்றேன்.

“லாண்டரி இந்தக் கமிட்டிக்குக் கீழ வராது” என்றார்.

அதுவரை வாய் திறக்காத பணியாளர் பிரிவு அதிகாரி அப்போது கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். ஜன்னல் கட்டையில் வைத்து எழுதிய தாள். “இதும்மா, நீங்க எழுதினதுதானே? ‘பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. டீச்சர் நீங்க வரவே இல்லைங்கறாங்க. ரெண்டுல எது பொய்?”

நான் இதை யோசிக்கவே இல்லை. இத்தனை நாள் உருண்டு புரண்டு யோசித்தும் இந்த ஒன்று என் மண்டையில் உறைக்கவில்லை. “நான்தான் சார் சொல்லி எழுத வெச்சேன். வந்தேன்னு நான்தான் அவளை நம்ப வெச்சேன்” என்று பதறினேன்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்குங்க” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “நீங்க சொல்லுங்கம்மா.”

அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் எழுதச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. “நான் எழுதினதுதான் சார்” என்றாள்.

காயத்துக்காக அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. விசாரணைக் குழுவுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்காக நீக்கினார்கள். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். அவ்வளவுதான். தரச்சான்றுக்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள், பயிற்சியாளர் இல்லாமல் முடியாது என்று மேட்ரனே எனக்காகப் பேசினாராம். நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்காக ஆட்டோ பிடிக்கப் போனேன். கொழுந்தன் ஏற்கெனவே ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். “நீங்க அடுத்ததுல வாங்க அண்ணி, அவ படுத்துட்டு வரணும்” என்றான். மூன்று பேர் போகிற ஆட்டோதான் அது.

நேற்று மறுபடி வகுப்பு. எட்டுப் பேர் வந்தார்கள். என் ஓரகத்தி இடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணும் வந்தாள், பொம்மையைக் குழந்தைபோல் தூக்கினாள். எட்டுக் கையெழுத்தோடு தாளை மேட்ரன் மேஜையில் வைத்துவிட்டு, “இவ்வளவுதான் மேடம் வந்தாங்க” என்றேன். அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு கோப்பைத் திறந்தார். சாயங்காலம் கோப்பில் எதையோ தேடும்போது அந்தத் தாள் கண்ணில் பட்டது. இருபத்தாறும் நிறைந்திருந்தது. யார் போட்டதோ, எனக்கு வந்த அளவு நயமாக வரவில்லை. தரச்சான்று வந்துவிடும். கொக்கும் நேற்று துடைத்துப் பளபளப்பாக நின்றது. தூளி லாண்டரியில்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் மாடிக்குப் போனேன். கொழுந்தன் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும். அதுவரை அவளைப் பிடித்து எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால்தான் என்னை மாடியேற விடுகிறார்கள். விசாரணைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. நான் போய் நின்றால் கையை நீட்டுவாள், முடிந்ததும் எடுத்துக்கொள்வாள். திட்டினால்கூட வாங்கிக்கொண்டு அழுதுவிட்டுப் போவேன், அதற்கும் இடம் கொடுப்பதில்லை.

நேற்று அவளுக்கு அவசரம் போலிருக்கிறது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையை நீட்டிவிட்டாள். நானும் அவசரத்தில் நின்றபடியே குனிந்து அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்தேன். என் இடுப்பில் சுரீர் என்றது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். நர்ஸ் அல்லவா, யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. என் கையை விலக்கி, நான் முதலில் ஒழுங்காக நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

“முட்டிய மடக்குங்க டீச்சர்” என்றாள்.